களத்தில் காயாத தானியம், கூண்டில் தளரும் கோழி

ஈரப்பதம் 20 சதவீதம் உள்ள மக்காச்சோளம் ஆயிரம் கிலோ இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 12 சதவீதத்துக்குக் காயவைத்தால் மிஞ்சுவது 909 கிலோ. வெயிலில் போனது வெறும் தண்ணீர்தான். ஆனால் எடைக்கு விலை பேசும் சந்தையில் அது 91 கிலோவுக்கான காசு. காயவைக்கக் களம் வேண்டும், கிளறிவிட ஆள் வேண்டும், தூறல் விழுந்தால் மூடத் தார்ப்பாய் வேண்டும். இத்தனை செலவும் செய்து எடையையும் இழக்க யார் முன்வருவார்? ஈரத்துக்காக வியாபாரி பிடிக்கும் கழிவு இந்த நட்டத்தைவிடக் குறைவாக இருந்தால், ஈரத்தோடு மூட்டை கட்டுவதே விவசாயிக்குக் கட்டுப்படியாகும். அதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அந்த ஈர மூட்டை அடுத்துப் போகிற இடம் பெரும்பாலும் கோழித் தீவன ஆலை. இந்தியாவில் விளையும் மக்காச்சோளத்தை அதிகம் தின்பது கோழிகள்தான். மூட்டைக்குள் சில நாள் தங்கிய ஈரமும் வெப்பமும் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற மஞ்சள்பச்சைப் பூஞ்சைக்குப் போதும். அது சுரக்கும் அஃப்ளாடாக்சின் என்னும் நச்சு, தடுப்பூசி தவறாமல் போட்ட கோழியையும் நோய்க்குத் தூக்கிக் கொடுத்துவிடும்.

பயிர் விளைச்சலை உயர்த்தும் ஆராய்ச்சி வேளாண் பல்கலைக்கழகத்தில் நடக்கிறது. கோழியின் உடல்நலம் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. ஒருவர் எக்டேருக்கு எத்தனை டன் என்று பார்க்கிறார். மற்றவர் எத்தனை கோழி செத்தது, எத்தனை முட்டை குறைந்தது என்று பார்க்கிறார். இரண்டு கணக்குக்கும் நடுவில் இருக்கும் களம், சாக்கு, லாரி, கிடங்கு ஆகியவற்றை இரண்டு பேருமே முழுமையாகத் தம் பொறுப்பாக எடுத்துக்கொள்வதில்லை. கோழியின் நலத்தில் ஒரு பெரும்பங்கு அங்கேதான் தீர்மானமாகிறது.

பெயர் தெரியாத நோய்

இந்த நச்சு அறிவியலுக்குத் தெரியவந்ததே கோழி இனத்தின் வழியாகத்தான். 1960இல் இங்கிலாந்தில் வான்கோழிக் குஞ்சுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது. தொற்று என்று நினைத்தார்கள். கிருமி எதுவும் சிக்கவில்லை. காரணம் தெரியாததால் 'வான்கோழி எக்ஸ் நோய்' என்றே பெயர் வைத்தார்கள். குஞ்சுகள் செத்த பண்ணைகளுக்குப் பொதுவாக இருந்தது எது என்று தேடிப் போனபோது தீவனத்தில் சேர்த்த கடலைப் புண்ணாக்கில் வந்து நின்றார்கள். அது பிரேசிலிலிருந்து வந்த சரக்கு. கிட்டத்தட்ட அதே காலத்தில் கென்யாவிலும் உகாண்டாவிலும் வாத்துக் குஞ்சுகள் இதே அறிகுறிகளோடு இறந்தன.

1961இல் அந்தப் புண்ணாக்கிலிருந்த பூஞ்சையை அடையாளம் கண்டார்கள். பூஞ்சையின் பெயரிலிருந்தே நச்சுக்கும் பெயர் வந்தது. புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிர்ந்தவற்றுக்கு பி என்றும், பச்சையாக ஒளிர்ந்தவற்றுக்கு ஜி என்றும் எழுத்து கொடுத்தார்கள். இந்தக் குடும்பத்தில் மிகக் கொடியது பி1. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள்களின் பட்டியலில் அஃப்ளாடாக்சினைச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை சேர்த்திருக்கிறது.

இந்தியாவுக்கு இந்தப் பாடம் 1974இல் உயிர்ப்பலியோடு வந்தது. குஜராத்தின் பஞ்சமகால், ராஜஸ்தானின் பான்ஸ்வாடா மாவட்டங்களில் 200க்கும் மேற்பட்ட கிராமங்களில் மஞ்சள் காமாலையும் வயிற்று வீக்கமும் பரவின. நோயுற்ற 397 பேரில் 106 பேர் இறந்தார்கள். அதே வீடுகளில் அதே உணவைத் தின்ற நாய்களும் செத்தன. அறுவடை நேரத்தில் பெய்த மழையில் நனைந்து, சரியாகக் காயாமல் வீட்டில் சேமிக்கப்பட்ட மக்காச்சோளமே காரணம் என்று ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவன ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அந்தத் தானியத்தில் ஒரு கிலோவுக்கு 6.25 முதல் 15.6 மில்லிகிராம் வரை நச்சு இருந்தது. 2004இல் கென்யாவின் கிழக்குப் பகுதியில் 317 பேர் பாதிக்கப்பட்டு 125 பேர் இறந்ததும் ஈர மக்காச்சோளத்தால்தான்.

இவை கண்ணுக்குத் தெரிந்த பேரழிவுகள். கோழிப் பண்ணையில் நடப்பது வேறு. அங்கே நச்சு கொஞ்சம் கொஞ்சமாக, பல வாரம், பெரிய ஆரவாரம் இல்லாமல் வேலை செய்கிறது.

ஈரல் சொல்லும் கதை

செத்த கோழியை அறுத்துப் பார்க்கும்போது கால்நடை மருத்துவர் முதலில் கவனிக்கும் உறுப்புகளில் ஒன்று ஈரல். நல்ல ஈரல் அடர்ந்த செம்பழுப்பாக, இறுக்கமாக இருக்கும். அஃப்ளாடாக்சின் தாக்கிய ஈரல் வெளுத்து மஞ்சளாகி, வீங்கி, கொழுப்பேறி, விரலால் அழுத்தினால் உதிரும். அங்கங்கே ஊசிமுனை அளவில் இரத்தக் கசிவு தெரியும். நச்சைச் சிதைத்து வெளியேற்ற வேண்டிய ஈரலே இங்கே அதைக் கூர்மையாக்கிவிடுகிறது. ஈரலின் நொதிகள் பி1ஐ மாற்றும்போது உருவாகும் இடைப்பொருள், செல்லின் மரபணுவோடும் புரதங்களோடும் பிணைந்து அவற்றின் வேலையைக் கெடுக்கிறது.

மற்றவை எல்லாம் இதன் தொடர்ச்சி. முட்டையின் மஞ்சள் கருவுக்கு வேண்டிய புரதமும் கொழுப்பும் ஈரலில்தான் உருவாகின்றன. ஈரல் தளர்ந்தால் முட்டை சிறுக்கும், எண்ணிக்கையும் குறையும். ஒரு மஞ்சள் கரு முதிர்வதற்குச் சில நாள்கள் எடுப்பதால், கெட்ட தீவனம் தின்ற அன்றே இது தெரியாது. முட்டை குறையத் தொடங்கும்போது அந்த லோடு தீவனம் தீர்ந்துபோயிருக்கும். இரத்தத்தை உறையவைக்கும் பொருள்களும் ஈரலில் உருவாவதால் இறைச்சிக் கோழியின் தொடையிலும் நெஞ்சிலும் லேசான இடிக்கே இரத்தம் கட்டிக்கொள்ளும்.

இவற்றைவிடக் கவலை தருவது நோய் எதிர்ப்பு. கோழிக்குஞ்சின் கழுத்தோரம் இருக்கும் தைமஸ் சுரப்பியும், கழிவாய்க்கு மேலே இருக்கும் ஃபேப்ரிசியஸ் பையும் நோய் எதிர்ப்புச் செல்கள் தேறிவரும் இடங்கள். அஃப்ளாடாக்சின் இரண்டையும் சுருக்குகிறது. 1970இலேயே அமெரிக்காவில் வான்கோழிகளை வைத்து நடந்த ஆய்வு, இந்த நச்சைத் தின்ற பறவைகளில் கோழிக் காலராத் தடுப்பூசியின் பாதுகாப்பு குறைவதைக் காட்டியது. இன்னும் பல நோய்களில், பல கோழி இனங்களில் பிற்கால ஆய்வுகளும் இதையே சொல்லின.

முட்டைக் கோழிப் பண்ணையில் இதற்குத் தனி அர்த்தம் உண்டு. வெள்ளைக் கழிச்சல் என்று ஊரில் சொல்லும் ராணிகேத் நோய்க்கான தடுப்பூசித் திட்டம் குஞ்சுப் பருவத்தின் முதல் வாரத்திலேயே தொடங்குகிறது. அந்தப் பருவத்தில்தான் தைமஸும் ஃபேப்ரிசியஸ் பையும் முழு வேகத்தில் வேலை செய்கின்றன. அப்போது தீவனம் கெட்டிருந்தால், ஓராண்டுக்கு மேல் முட்டையிட வேண்டிய கோழியின் அடித்தளமே ஆட்டம் காண்கிறது. பிறகு நோய் வந்ததும் பண்ணையாளர் தடுப்பூசி கம்பெனியைச் சந்தேகிக்கிறார், கம்பெனிக்காரர் குளிர்பதனத்தைச் சந்தேகிக்கிறார். தீவனத்தின் பக்கம் பார்வை கடைசியாகத்தான் திரும்புகிறது.

முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பசுவின் பாலில் இந்த நச்சின் மாற்றுருவான எம்1 வெளியேறுகிறது. அதனால் பாலில் எம்1க்கு எனத் தனி வரம்பு உண்டு. முட்டைக்குள் போவது இதோடு ஒப்பிட மிகச் சொற்பம். இங்கே பெரிய நட்டம் முதலில் கோழிக்கும், பிறகு அதை வளர்ப்பவருக்கும்.

விளைச்சல் ஆராய்ச்சியும் நச்சும்

பூஞ்சை கிடங்கில்தான் வருகிறது என்பது பாதி உண்மை. மண்ணில் எப்போதும் இருக்கும் பூஞ்சை இது. மக்காச்சோளக் கருதின் நுனியில் தொங்கும் பட்டு நூல்கள் வழியாகவும், புழு துளைத்த ஓட்டை வழியாகவும் வயலிலேயே மணிக்குள் நுழைகிறது. நிலக்கடலைக்கு இன்னும் எளிது. காய் இருப்பதே மண்ணுக்குள். செடி தெம்பாக இருக்கும்வரை பூஞ்சையை அடக்கி வைக்கிறது. காய் முற்றும் வாரங்களில் தண்ணீர் பற்றாமல், மண்ணும் சூடேறினால் அந்தத் தடுப்பு தளர்ந்துவிடுகிறது.

ஆகவே விளைச்சலுக்காகச் சொல்லப்படும் சில பரிந்துரைகள் நச்சுக்கும் மருந்தாகின்றன. நிலக்கடலைக்கு 40ஆம் நாளை ஒட்டி எக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைக்கச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். பொக்குக் காய் குறைந்து பருப்பு திரள வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஆனால் ஜிப்சத்திலுள்ள சுண்ணாம்புச் சத்து காயின் ஓட்டையும் உறுதியாக்குவதால் பூஞ்சை நுழைவதும் கடினமாகிறது. காய் முற்றும்போது கொடுக்கும் ஒரு தண்ணீர் எடையையும் கூட்டும், நச்சையும் குறைக்கும். 2018இல் இந்தியாவுக்குள் நுழைந்து தமிழ்நாட்டு மக்காச்சோளத்தையும் சூறையாடிய படைப்புழுவைக் கட்டுப்படுத்துவதிலும் இப்படி இரட்டைப் பயன் இருக்கிறது. புழு கடித்த கருதுக்குள் பூஞ்சை போக வழி தேட வேண்டியதில்லை.

எல்லாமே இப்படி ஒத்துப்போவதில்லை. அதிக மகசூல் தரும் ஒரு கலப்பினத்தின் கருது மேலுறையை மீறி நுனி நீட்டிக்கொண்டால், மழையும் புழுவும் உள்ளே போகும். வயது கூடிய ரகத்தின் அறுவடை மழை நாளில் போய் விழலாம். ஆனாலும் சோதனைத் திடலில் இப்படிப்பட்ட ரகம் முதலிடம் பெறும். ஏனென்றால் அங்கே மணியைச் சீராகக் காயவைத்து ஒரே ஈரப்பதத்துக்குக் கணக்கிட்டுத்தான் மகசூலை எழுதுகிறார்கள். விவசாயியின் சாக்கில் அந்த மணி என்ன ஆனது என்று எழுத அந்த அட்டவணையில் இடம் இருப்பதில்லை.

நச்சை எதிர்க்கும் ரகத்தைத் தேடும் முயற்சியும் நீண்டகாலமாக நடக்கிறது. ஹைதராபாத்தை அடுத்த பட்டான்செருவிலுள்ள இக்ரிசாட் நிறுவனம் ஆயிரக்கணக்கான நிலக்கடலை வகைகளைச் சோதித்திருக்கிறது. ஜே 11 போன்றவை ஓரளவு எதிர்ப்பைக் காட்டின. ஆனால் இந்த எதிர்ப்பு ஒற்றை மரபணுவில் இல்லை; பல மரபணுக்களில் சிதறியிருக்கிறது. நல்ல மழை ஆண்டில் தாக்குப்பிடித்த ரகம் வறட்சி ஆண்டில் கைவிடுகிறது. மரபணு மாற்றம் வேறொரு வழியைத் திறந்தது. பூஞ்சை நச்சு தயாரிக்கப் பயன்படுத்தும் மரபணுவையே செடி அடக்கிவிடும்படி செய்த மக்காச்சோளத்தை அரிசோனா பல்கலைக்கழகக் குழு 2017இலும், இதே உத்தியோடு பூஞ்சையைத் தடுக்கும் புரதங்களையும் சோதித்த நிலக்கடலையை இக்ரிசாட் குழு 2018இலும் வெளியிட்டன. ஆய்வகத்தில் பலன் வியப்பானது. ஆனால் மரபணு மாற்றிய உணவுப் பயிருக்கு அனுமதி கிடைப்பது எவ்வளவு கடினம் என்பது தெரிந்ததே.

இருபதாயிரத்தில் ஒரு மணி

'சோதித்துப் பார்த்து, கெட்டதை ஒதுக்கினால் போதாதா?' என்று கேட்கலாம். இந்த நச்சின் பெரிய சிக்கலே அங்கேதான் இருக்கிறது. அது சரக்கு முழுதும் சமமாகப் பரவியிருப்பதில்லை.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இளம் விலங்குகளின் தீவனத்துக்கு வைத்திருக்கும் வரம்பு நூறு கோடியில் 20 பங்கு. வளர்ந்த கோழிக்கு, மக்காச்சோளம் போன்ற சில தானியங்களில் 100 பங்கு வரை விடுகிறார்கள். 20 பங்கு என்றால் ஒரு டன் தானியத்தில் 20 மில்லிகிராம். இப்போது மறுபக்கம். பூஞ்சை முற்றிய ஒற்றை மக்காச்சோள மணியில் நூறு கோடிக்கு 4,00,000 பங்கு நச்சு அளக்கப்பட்டிருக்கிறது. ஒரு மணியின் எடை 0.3 கிராம் என்று கொண்டால் அதில் இருப்பது 120 மைக்ரோகிராம். ஆறு கிலோ சுத்தமான தானியத்தை 20 பங்கு வரம்புக்குக் கொண்டுபோக அந்த ஒரு மணி போதும். ஆறு கிலோவில் ஏறத்தாழ இருபதாயிரம் மணிகள் இருக்கும்.

லாரியின் வாயில் நின்று ஒரு கைப்பிடி அள்ளிச் சோதித்தால் அந்த மணி சிக்குமா? சிக்காவிட்டால் நச்சு இல்லை என்று அறிக்கை வரும். சிக்கினால் மொத்த லோடும் கெட்டது என்று வரும். இரண்டும் தவறாக இருக்கலாம். லோடின் மேல், நடு, அடி எனப் பல இடங்களில் குத்தூசியால் எடுத்து, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, மாவாக அரைத்து, அதிலிருந்து சிறு பங்கைச் சோதித்தால்தான் எண்ணுக்குப் பொருள் உண்டு. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் இருக்கிறது. எலைசா என்னும் நச்சறியும் சோதனை முறையை இக்ரிசாட் மலிவாக்கிக் கொடுத்திருக்கிறது. கருவிக்குப் பஞ்சமில்லை, மாதிரியை ஒழுங்காக எடுக்கும் பொறுமைதான் இறக்கும் அவசரத்தில் காணாமல் போகிறது.

இன்னொன்றும் உண்டு. நச்சு ஒருமுறை உருவாகிவிட்டால் பிறகு தானியத்தைக் காயவைப்பதால் அது போகாது. காயவைத்தால் பூஞ்சை வளர்வது நிற்கும், அவ்வளவே. தீவன ஆலையின் நீராவிச் சூடும் அதை அசைப்பதில்லை.

களிமண்ணும் நல்ல பூஞ்சையும்

பண்ணையாளர் கையில் இன்று இருக்கும் ஆயுதம், நச்சைப் பிடித்துவைக்கும் டாக்சின் பைண்டர். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் டிமத்தி ஃபிலிப்ஸ் குழுவினர் 1980களின் இறுதியில் ஒருவகைக் களிமண்ணைக் கோழித் தீவனத்தில் கலந்து பார்த்தார்கள். களிமண்ணின் நுண்ணிய அடுக்குகளுக்கிடையே அஃப்ளாடாக்சின் மூலக்கூறு சிக்கி, குடலில் உறிஞ்சப்படாமல் எச்சத்தோடு வெளியேறியது. பென்டோனைட் வகைகள், ஈஸ்ட் செல்சுவர் எனப் பல பொருள்கள் இன்று விற்பனையில் உள்ளன. களிமண் பைண்டர் அஃப்ளாடாக்சினுக்கு நன்றாகவே வேலை செய்கிறது. அதே தானியத்தில் கூட இருக்கக்கூடிய டி-2 போன்ற வேறு பூஞ்சை நச்சுகளிடம் அதன் திறமை அவ்வளவாகச் செல்வதில்லை. பைண்டர் தேவைதான். ஆனால் அது களத்தில் மிச்சம் பிடித்த செலவைப் பண்ணையாளர் தலையில் வைக்கிறது. அதுவும் ஆண்டு முழுவதும்.

வயலிலேயே தடுக்கும் வழி அரிசோனாவின் பருத்தி வயல்களில் பிறந்தது. ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் பூஞ்சையில் நச்சு சுரக்கத் தெரியாத வகைகளும் இயற்கையாகவே உண்டு. அவற்றை வயலில் நிறைத்துவிட்டால் நச்சு வகைக்கு இடமில்லாமல் போகும் என்று அமெரிக்க வேளாண் துறை விஞ்ஞானி பீட்டர் காட்டி கண்டார். இக்ரிசாட்டில் பணியாற்றிவிட்டு நைஜீரியாவின் இபாதான் நகரிலுள்ள சர்வதேச வெப்பமண்டல வேளாண் நிறுவனத்துக்குப் போன ரணஜித் பந்தோபாத்யாய, காட்டியோடு சேர்ந்து இதை ஆப்பிரிக்காவுக்கு ஏற்றதாக்கினார். அதுதான் அஃப்ளாசேஃப். அந்தந்த நாட்டு மண்ணிலிருந்தே எடுத்த நச்சற்ற நான்கு வகைகளை, முளைக்காதபடி வறுத்த சோளத்தின் மேல் பூசி, பூப்பதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பு எக்டேருக்கு 10 கிலோ தூவுகிறார்கள். வயல் சோதனைகளில் நச்சு 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. வயலிலிருந்து மணியோடு கூடவே போகும் நல்ல பூஞ்சை, கிடங்கிலும் ஓரளவு காவல் நிற்கிறது.

யார் காசு கொடுப்பது?

அஃப்ளாசேஃப் பரவிய நைஜீரிய அனுபவத்தில் நாம் கவனிக்க வேண்டியது பூஞ்சையை மட்டுமல்ல. நச்சு கண்ணுக்குத் தெரியாதது, சுவையில் பிடிபடாதது. நச்சில்லாத மூட்டைக்குச் சந்தை கூடுதலாக ஒரு காசும் தராவிட்டால் விவசாயி எதற்காக 10 கிலோ தூவ வேண்டும்? அதனால் அக்ரிசல்ட்ஸ் என்ற திட்டத்தில், அஃப்ளாசேஃப் இட்டு விளைந்த ஒவ்வொரு டன் மக்காச்சோளத்துக்கும் அதைத் திரட்டிய நிறுவனங்களுக்கு ஊக்கத்தொகை கொடுத்தார்கள். அந்த நிறுவனங்கள் விவசாயிகளைச் சேர்த்தன, பயிற்சி தந்தன, வாங்குபவரையும் தேடின. கூடுதல் விலை கொடுத்து வாங்க முன்வந்தவர்களில் கோழித் தீவனம் தயாரிப்பவர்களும் இருந்தார்கள். கோழியின் ஈரலில் விழும் நட்டத்தை அவர்கள் பணமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள்.

தமிழ்நாட்டில் இதற்குத் தோதான நில அமைப்பே இருக்கிறது. மக்காச்சோளம் அதிகம் விளையும் பெரம்பலூருக்கும், முட்டைக்குப் பெயர்போன நாமக்கல்லுக்கும் ஒரு பகல் லாரிப் பயணம்கூட இல்லை. ஒரு முட்டைக் கோழி நாளொன்றுக்குச் சுமார் 110 கிராம் தீவனம் தின்னும். ஒரு லட்சம் கோழி உள்ள பண்ணைக்குத் தினமும் 11 டன் வேண்டும். அதில் ஏறத்தாழ பாதி மக்காச்சோளம். முட்டை உற்பத்திச் செலவில் பெரும்பங்கு தீவனச் செலவே என்னும்போது, தீவனத்தின் தரம் களத்தில் எப்படிக் கெடுகிறது என்று பார்ப்பது பண்ணையாளரின் சொந்த லாபக் கணக்கு.

முதலில் மாற வேண்டியது விலை பேசும் முறை. மொத்த எடைக்குப் பதிலாக உலர் எடைக்கு விலை வைத்தால், 20 சதவீத ஈரமுள்ள ஆயிரம் கிலோவும் 12 சதவீதத்துக்குக் காயவைத்த 909 கிலோவும் ஒரே 800 கிலோ உலர்பொருள்தான். இரண்டுக்கும் ஒரே தொகை கிடைக்கும். ஈரத்தை விற்பதில் இருந்த ஆதாயம் போய்விடும். காயவைத்த கூலிக்காக அதற்கு மேல் சிறு தொகை சேர்த்தால் சாலையோரம் மக்காச்சோளம் பரப்பும் விவசாயி தார்ப்பாய் வாங்க யோசிக்க மாட்டார். ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் பொது உலர்த்தி இயந்திரங்கள் இருந்தால் தை மாதத்து எதிர்பாராத மழைக்கும் பதில் கிடைக்கும்.

காலம் இதைத் தள்ளிப்போட விடாது. மக்காச்சோளத்திலிருந்து எத்தனால் எடுக்கும் ஆலைகள் பெருகி, அவற்றின் கழிவான உலர் சக்கை இப்போது கோழித் தீவனத்துக்குள் வருகிறது. நொதிக்கும்போது மாவுச்சத்து தீர்ந்துபோகும், நச்சு தீராது. தானியத்தில் இருந்ததைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்குச் செறிவில் சக்கையில் அது தங்கும். வெப்பமும் வறட்சியும் கூடுவது இன்னொரு அழுத்தம். 2012 வறட்சிக்குப் பிறகு, அதுவரை இந்த நச்சைப் பற்றி அதிகம் கவலைப்படாத செர்பியாவில் மக்காச்சோளம் கெட்டு, 2013இல் பாலில் எம்1 வரம்பு மீறியதால் நாடே பரபரப்பானது.

ஆராய்ச்சி நிலையங்களுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. புதிய ரகத்தை வெளியிடும் முன் எக்டேருக்கு எத்தனை டன் என்று எழுதும் அட்டவணையில், விவசாயியின் முறையில் அறுத்து, காயவைத்து, ஒரு மாதம் சாக்கில் வைத்த பிறகு அந்த மணியில் எவ்வளவு நச்சு என்று இன்னொரு பத்தியும் சேர வேண்டும். கோழிப் பண்ணையில் தடுப்பூசி பலிக்கவில்லை என்ற புகார் வரும்போது, அந்தக் குஞ்சுகள் முதல் எட்டு வாரம் தின்ற மக்காச்சோளம் எந்த ஊர், எந்த வார அறுவடை என்று கேட்கும் பழக்கமும் வர வேண்டும். அதற்குத் தீவன ஆலைகள் ஒவ்வொரு லோடின் மாதிரியையும் பெயர், தேதியோடு சில மாதம் எடுத்து வைத்தாலே போதும். நச்சேறிய ஒரு டன்னை விளைச்சல் கணக்கில் ஒரு டன் என்று எழுதும்வரை, வயலில் கூடிய மகசூலின் ஒரு பங்கு கோழிப் பண்ணையின் நட்டக் கணக்கில் கழிந்துகொண்டுதான் இருக்கும்.